ராசாவும் றெக்ஸும் ஒரு வேர்ப் பிள்ளைகள்

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். மழைக்கு ஒதுங்கி உங்கள் திருகோணமலை உவர்மலை வீட்டுப் படலையடியில் நின்ற கட்டாக்காலி நாய்க்குட்டி ஒன்று இப்போது விறாந்தைச் சாக்கில் படுத்து உறங்குகிறது. மகன் அதை ‘றெக்ஸ்’ என்கிறான். உங்கள் அம்மா ‘ராசா’ என்கிறார். தெருவில் கிடந்த குட்டிக்கு ராஜ பட்டம் எதற்கு, ‘கறுப்பன்’ போதாதா என்பது உங்கள் கணவரின் வாதம். இந்தப் பெயர்களுக்குப் பொருள் என்ன, மனிதர்களுக்கு ஏன் இப்படியொரு ஆசை, கடைசியில் எதை வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். முப்பது வருடம் தமிழ் படிப்பித்தவன், அதைவிட அதிக காலம் நாய் வளர்த்தவன் என்ற இரண்டு தகுதியோடு பதில் எழுதுகிறேன். இரண்டாவது தகுதிதான் இங்கே கூடுதலாக உதவும்.

முதலில் ஒரு சமாதானச் செய்தி. உங்கள் அம்மாவும் மகனும் ஒரே பெயருக்காகத்தான் சண்டை பிடிக்கிறார்கள். ‘றெக்ஸ்’ இலத்தீன் சொல். அரசன் என்று பொருள். நம்முடைய ‘ராசா’ வடமொழி ‘ராஜன்’ வழியாக வந்தது. இலத்தீனும் வடமொழியும் ஒரே மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இந்த இரண்டு சொற்களும் ஒரே பழைய வேரிலிருந்து பிரிந்தவை என்பதை மொழியியலாளர் நெடுங்காலத்துக்கு முன்பே நிறுவிவிட்டார்கள். நேராகச் செலுத்துதல், வழிநடத்துதல் என்பது அந்த வேரின் பொருள். ஆக, அரசன் என்பவன் கோணாமல் கொண்டுசெல்பவன். (‘அரசன்’ என்ற சொல்லையும் அதே வேரோடு கட்டுகிறவர்கள் உண்டு, அது தனித்தமிழ் என்று வாதாடுகிறவர்களும் உண்டு. அந்த வழக்குக்கு நான் சாட்சி சொல்ல வரவில்லை.) ‘ரெஜினா’ அந்தக் குடும்பத்துப் பெண், அரசி. ‘ரெகுலஸ்’ குட்டி அரசன். சிங்க ராசியில் நாம் மகம் என்று காட்டும் நட்சத்திரத்துக்கு மேல்நாட்டார் வைத்த பெயர் அதுதான். மகத்தில் பிறந்தவள் ஜெகத்தை ஆள்வாள் என்று நம் பாட்டிமார் சொன்னதையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வேடிக்கையாக இருக்கும். 1905ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு ராட்சதப் பல்லியின் எலும்புகளுக்குப் பெயர் தேடியபோதும் இதே சொல்லைத்தான் எடுத்தார்கள்: டைரனோசோரஸ் றெக்ஸ், கொடுங்கோல் பல்லி அரசன். உங்கள் மகனுக்கு இந்தப் பெயர் அங்கிருந்துதான் வந்திருக்கும் என்று ஊகிக்கிறேன்.

பொருள் ஒன்றானாலும் இரண்டு பெயரின் சுவையும் வேறு. அதைப் புரிந்துகொள்ள அகராதி போதாது, ஒரு பாட்டி சோறு ஊட்டுவதைப் பார்க்க வேண்டும். ஒரு கையில் கிண்ணம், மற்றக் கையில் குழைத்த பருப்புச் சோறு. பிள்ளை வாயை இறுக்கி மூடிக்கொண்டு தலையைத் திருப்புகிறது. “என் ராசா இல்லையா, இந்த ஒரு வாய், இது காகத்துக்கு, இது ராசாவுக்கு.” இந்த வாக்கியத்தில் எந்த முடியும் செங்கோலும் இல்லை. தாலாட்டிலும் சோறூட்டலிலும் தேய்ந்து தேய்ந்து ‘ராசா’ என்பது தமிழில் கொஞ்சல் சொல்லாகிவிட்டது. ‘ஜ’ போய் ‘ச’ வந்த இடத்திலேயே கிரீடம் கழன்றுவிட்டது என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு. ராசாத்தியும் அப்படியே. உங்கள் அம்மா அந்தக் குட்டிக்கு ராசா என்று பெயர் வைக்க நினைக்கும்போது அதை ஆளவிடப் போவதில்லை, அதற்கு ஊட்டப் போகிறார். இது உங்கள் கணவருக்கான முதல் பதில்.

றெக்ஸ் வேறு பாதையால் வந்த ஆள். திருகோணமலையில் ஆங்கிலேயரின் கடற்படைத் தளம் 1957 வரை இருந்தது. துரைமார் வீட்டு வளவுகளில் வளர்ந்த நாய்களோடு டியூக், பிரின்ஸ், சீசர், றெக்ஸ் என்ற பெயர்களும் ஊருக்குள் இறங்கின. துரை போனார், பெயர் நின்றுவிட்டது. பழக்கம் விட்டுப்போகாததற்கு என் கணிப்பில் இன்னொரு காரணமும் உண்டு. நம் ஊரில் நாய்க்கு மனிதப் பெயர் வைத்தால் வேலிக்கு அந்தப் பக்கம் வழக்கு வரும். யாருக்கும் சொந்தமில்லாத அந்நியப் பெயர் என்றால் சண்டைக்கு ஆள் இல்லை. தமிழ் வீட்டில் தமிழ்ச் சோறு தின்று தமிழில் ஏச்சு வாங்கும் நாய்கள் ஜிம்மியாகவும் டொமியாகவும் சீசராகவும் இருப்பதன் சூட்சுமம் இது.

இந்தச் சூட்சுமம் தெரியாமல் நான் ஒருமுறை மாட்டிக்கொண்டேன். உப்புவெளியில் ஒழுங்கை ஒன்றில் நாங்கள் குடியிருந்த காலம். செம்மண் நிறத்தில் ஒரு பெட்டைக் குட்டி வந்து சேர்ந்தது. நடையில் ஒரு மிதப்பு இருந்ததால் ராணி என்று வைத்தேன். முதல் நாள் மாலை அலுமினியத் தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு, பின்வளவில் நின்று, “ராணி, ஓடி வா, சோறு ஆறுகிறது!” என்று கூப்பிட்டேன். குட்டி வரவில்லை. கிடுகு வேலிக்கு மேலே அடுத்த வீட்டு மாமியின் தலை வந்தது. “என்ன தம்பி, இன்றைக்கு எனக்கும் சேர்த்தா சமைத்தீர்கள்?” அவருடைய பெயரும் அதுதான் என்பது, ஏழு வருடம் மாமி என்றே கூப்பிட்டுப் பழகிய எனக்குத் தெரியாமல் போயிற்று. நல்ல மனுஷி, கோபிக்கவில்லை. “ஒரு வேலிக்கு ஒரு ராணி போதும் தம்பி. அவளுக்குப் பதவி உயர்வு கொடுத்துவிடுங்கள்” என்றார். அன்றிரவே குட்டி மகாராணி ஆனாள்.

ஆகவே பெயரை முடிவுசெய்யும் முன் உங்கள் ஒழுங்கையை ஒருமுறை மனதுக்குள் நடந்து பாருங்கள். ராசா அண்ணை என்று ஒருவர் இல்லாத தமிழ்த் தெரு அபூர்வம்.

இனி உங்கள் கணவர் பக்கம். நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் என்ற பழமொழியை அவர் கட்டாயம் எடுத்து வீசியிருப்பார். எல்லோரும் வீசுவார்கள். தமிழ் நாட்டு வழக்கு இந்த விடயத்தில் ஒருபக்கச் சார்பானது அல்ல என்று அவரிடம் சொல்லுங்கள். திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்றொரு ஊர் இருக்கிறது. அங்கே 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்த ஒரு நடுகல் நிற்கிறது. பல்லவன் மகேந்திரவர்மனின் 34ஆவது ஆட்சியாண்டு அதில் பொறித்திருக்கிறது. எருமைகளைக் காக்கும் சண்டையில் இறந்த கருந்தேவகத்தி என்ற வீரனுக்காக நட்ட கல் அது. அவனுக்குப் பின்னால் ஒரு நாயின் உருவம். அந்த நாய் கள்வரைக் கடித்துக் காத்து நின்றது என்று தனியாக எழுதி, அதன் பெயரையும் வெட்டியிருக்கிறார்கள்: கோவிவன். கல்வெட்டில் பெயரோடு நிற்கும் தமிழ் நாய் அது. பதின்மூன்று நூற்றாண்டு தாண்டியும் அதன் பெயர் நமக்குத் தெரிகிறது.  ‘கோ’ என்றால் அரசன். கோவிவன் என்பதை ‘கோ இவன்’ என்று பிரித்துப் படிக்க எனக்குக் கை துறுதுறுக்கிறது. இலக்கணக்காரர் யாரும் இதற்கு முத்திரை குத்த வேண்டாம், இது ஒரு நாய்ப் பிரியனின் ஆசை மட்டுமே. ஆனால் ‘கோன்’ என்ற சொல் மன்னனுக்கும் ஆயருக்கும் ஒருசேர வழங்குவது அகராதியிலேயே இருக்கிறது. மந்தையைக் காப்பவனும் கோன், மக்களைக் காப்பவனும் கோன். படலையில் படுத்துக் காவல் காப்பவனை மட்டும் ஏன் தள்ளிவைக்க வேண்டும்?

வைரவரையும் மறந்துவிடாதீர்கள். நாய் அவருடைய வாகனம். கோவில் வாசலில் படுத்திருக்கும் நாயைக் காலால் தட்டாமல், “வைரவரே, கொஞ்சம் விலகும்” என்று சொல்லிப் போகும் கிழவர்களை நான் கண்டிருக்கிறேன். தருமர் சொர்க்கத்தின் வாசலில் நின்று, பின்னால் வந்த நாயை விட்டுவிட்டு உள்ளே வரமாட்டேன் என்று சொன்ன கதை உங்கள் கணவருக்கும் தெரிந்ததுதான்.

அரசர்கள் தங்கள் நாய்களுக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று பார்த்தால் விடயம் இன்னும் சுவையாகிறது. இங்கிலாந்தின் ஏழாம் எட்வேர்ட் ஒரு சிறிய வெள்ளை நாய் வைத்திருந்தார், பெயர் சீசர். ‘நான் சீசர், அரசருக்குச் சொந்தம்’ என்று அதன் கழுத்துப் பட்டியில் எழுதியிருந்தது. 1910 மே மாதம் எட்வேர்ட் இறந்தார். இறுதி ஊர்வலத்தில் சவப்பெட்டிக்குப் பின்னால் அந்த நாயை ஒருவர் பிடித்து நடத்திச் சென்றார். ஐரோப்பாவின் மன்னர்கள் அந்த நாய்க்குப் பின்னால் வந்தார்கள். அப்படி வந்தவர்களில் ஒருவர் ஜெர்மனியின் இரண்டாம் வில்ஹெல்ம். அவருடைய பட்டம் கைசர். ‘கைசர்’ என்பது ‘சீசர்’ என்ற ரோமப் பெயரின் ஜெர்மன் உருவம். ரஷ்யாவின் ‘சார்’ பட்டமும் அதிலிருந்து வந்ததே. சீசர் என்பது முதலில் பட்டமே அல்ல, ஒரு குடும்பப் பெயர். அந்தக் குடும்பம் ரோமை ஆண்டதால் பெயர் பட்டமாகி, கண்டம் கடந்து, கடைசியில் ஒரு நாயின் கழுத்துப் பட்டியில் வந்து நின்றது. அன்றைக்கு இலண்டன் வீதியில் சீசர் நான்கு காலில் முன்னே நடக்க, இன்னொரு சீசர் பின்னே வந்தார். கைசருக்கு அது பிடித்திருக்காது.

எட்வேர்டின் கொள்ளுப் பேத்தி இரண்டாம் எலிசபெத் அரசியின் வீட்டில் கோர்கி என்ற குட்டைக்கால் நாய்கள் நிறைய இருந்தன. அரச பெயர்கள் அங்கே வரிசைகட்டும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். சூசன், ஹனி, சாண்டி என்று எந்தத் தெருவிலும் கேட்கக்கூடிய பெயர்கள். முடி தலையில் இருப்பவருக்கு அதை நாயின் தலையிலும் வைத்துப் பார்க்கும் ஆசை குறைவு போலும். 1933இல் அந்தக் குடும்பத்துக்கு முதலில் வந்த கோர்கியின் பதிவுப் பெயர் மிக நீளமானது. அது எலிசபெத்தின் தந்தை யோர்க் கோமகன் (டியூக்) வீட்டுக்குப் போகப்போகிறது என்று கேள்விப்பட்ட வளர்ப்புப் பண்ணை ஆட்கள், டியூக்கின் நாய் என்பதால் செல்லமாக ‘டூக்கி’ என்றார்கள். அதுவே நிலைத்தது. இந்தக் கதை எனக்குப் பிடிப்பதற்கு உள்ளூர்க் காரணம் ஒன்று உண்டு. நம் கோணேசர் கோவிலுக்குப் போகும் வழியில் இருக்கும் கோட்டைக்கு ‘பிரெட்ரிக் கோட்டை’ என்ற பெயர் 1803இல் வந்தது. அந்த பிரெட்ரிக்கும் யோர்க் கோமகன்தான், நூறு வருடத்துக்கு முந்திய வேறொருவர். ஒரு யோர்க் கோமகனால் திருமலையில் (திருகோணமலையை நாம் அப்படிச் சுருக்குவோம்) கோட்டைக்குப் பெயர், இன்னொரு யோர்க் கோமகனால் இங்கிலாந்தில் குட்டைக்கால் நாய்க்குப் பெயர். கோட்டைக்குள் உலாவும் புள்ளிமான்களுக்கு இது எதுவும் தெரியாது. கோவிலுக்குப் போகிறவர்களின் கையில் பழத்தோல் இருக்கிறதா என்பதே அவற்றின் கவலை.

இந்தப் பெயர்களின் கவர்ச்சி எங்கே இருக்கிறது என்று கேட்டீர்கள். பெயருக்கும் ஆளுக்கும் இடையிலுள்ள தூரத்தில் இருக்கிறது என்பேன். புத்தரின் புனிதப் பல்லை வைத்திருக்கும் கண்டி தலதா மாளிகையின் கொம்பன் யானைக்கு ராஜா என்று பெயர். நம் கிழக்கின் ஏறாவூர்க் காட்டில் பிடிபட்டுப் போனது அது. பல வருடம் பெரஹரா ஊர்வலத்தில் புனிதப் பேழையைச் சுமந்து, 1986இல் தேசியச் சொத்தாக அறிவிக்கப்பட்டு, 1988இல் இறந்தது. அந்த உடம்புக்கு அந்தப் பெயரைச் சொன்னால் யாரும் சிரிக்கமாட்டார்கள். பெயர் அளவெடுத்துத் தைத்த சட்டை போல இருக்கும். அதே பெயரை, ஒரு காது நிமிர்ந்து மற்றது மடிந்து, தன் வாலைத் தானே கடிக்கச் சுற்றும் உங்கள் குட்டிக்குச் சொல்லிப் பாருங்கள். சட்டை பத்து அளவு பெரிது. அதில்தான் அழகு. வீட்டுக்கு வருகிறவர் பெயரைக் கேட்டுச் சிரிப்பார், குட்டியைத் தூக்குவார், அறிமுகம் முடிந்துவிடும். கட்டாக்காலியாகக் கிடந்ததற்கு இப்படியொரு பெயர் கிடைக்கும்போது அதில் ஒரு ஈடுசெய்தலும் கலந்திருக்கிறது. படலையடியில் நேற்றுவரை எல்லோரும் “அடீக்!” என்று விரட்டிய உயிர் அது.

ஓசை விடயத்துக்கு வருவோம். எனக்குப் பொருளைவிட இது முக்கியம். நாய்க்கு இலத்தீன் தெரியாது, ஓசை தெரியும். இரண்டு அசைப் பெயர் நல்லது. நீளமாக வைத்தாலும் வீடு அதை நறுக்கிவிடும்: சக்கரவர்த்தி ஒரு கிழமையில் சக்கு ஆவான், இளவரசி இளா ஆவாள். றெக்ஸுக்கு வேறொரு தொல்லை. உங்கள் அம்மா அதை ‘றெக்சு’ என்பார், மகன் ‘றெக்ஸ்’ என்று வெட்டுவான், குட்டிக்கு அவை இரண்டு பெயர். இன்னொன்று, ‘ஸ்’ஸில் முடியும் பெயரைத் தூரத்துக்கு இழுத்துக் கூப்பிட முடியாது. சேய்மையில் இருப்பவரை விளிக்கும்போது பெயர் தன் மாத்திரையைத் தாண்டி நீளும் என்று தொல்காப்பியம் விளிமரபில் சொல்லியிருக்கிறது. ஆடி மாதத்துக் கச்சான் காற்றில் கடற்கரையில் நின்று ‘றெக்ஸ்’ என்று கத்திப் பாருங்கள், உங்கள் மூக்கைத் தாண்டாது. ‘ராசா’வின் கடைசி ‘ஆ’ ஓசையை மூச்சுள்ளவரை இழுக்கலாம். நண்டு துரத்திக்கொண்டு போன நாயை நான் இப்படித்தான் பலமுறை திருப்பியிருக்கிறேன்.

பூனை வளர்ப்பவர்களும் இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு வரி. பூனைகளுக்குத் தங்கள் பெயரை மற்றச் சொற்களிலிருந்து பிரித்தறியத் தெரியும் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2019இல் காட்டினார்கள். கூப்பிட்டதும் வருமா என்பது வேறு கதை. பூனைக்கு நீங்கள் அரச பெயர் வைக்கத் தேவையில்லை, அந்தப் பதவியில் அது ஏற்கெனவே இருக்கிறது.

சில பெயர்களைத் திருமலையில் வைக்க வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்வேன். இராவணன் கம்பீரமான அரச பெயர்தான். ஆனால் அவன் தாய்க்குக் கடன் கழித்த இடம் என்று நம்பி, கன்னியா வெந்நீர்க் கிணறுகளடியில் இன்றும் தங்கள் தாய் தந்தையருக்குக் கிரியை செய்கிற சனம் வாழும் ஊர் இது. குளக்கோட்டன் கோணேசர் கோவிலோடும் கந்தளாய்க் குளத்தோடும் சேர்த்துப் பேசப்படும் மன்னன். ஒருவரோடொருவர் போரிட்ட தமிழ் மன்னன் எல்லாளன், சிங்கள மன்னன் துட்டகைமுனு இருவரையும் தொடவே வேண்டாம். மூன்று இனமும் ஒரே சந்தையில் மீன் வாங்கும் ஊரில் ஒருவரின் வரலாற்றை இன்னொருவரின் நாய் சுமக்கக்கூடாது. சுல்தான் என்பது பல முஸ்லிம் வீடுகளில் வாப்பாவின் பெயர். ரெஜினா கத்தோலிக்கருக்கு மாதாவின் பட்டம், நம் ஊரில் பல பெண்களின் பெயரும் அதுவே. சீசர், டியூக், பிரின்ஸ் என்று வைத்தால் இங்கே மனம் நோக ஆள் இல்லை.

உங்கள் வீட்டுக்கு என் தீர்ப்பு ராசா. காரணம், அந்தக் குட்டிக்கு மூன்று வேளையும் சோறு வைக்கப்போகிறவர் உங்கள் அம்மா. தட்டின் சத்தத்தோடு சேர்ந்து வரும் பெயரைத்தான் குட்டி முதலில் பிடிக்கும். முதல் ஒரு மாதம் எல்லோரும் அந்த ஒரு பெயரையே சொல்லுங்கள். ஏசும்போது மட்டும் பெயரைச் சொல்லாதீர்கள், பெயர் கேட்டால் ஓடி வரவேண்டுமே தவிர ஒளியக்கூடாது. ராசா பழகிய பிறகு மகன் றெக்ஸ் என்றும் கூப்பிடட்டும். நாய் இரண்டு பெயரைத் தாங்கும். உங்கள் கணவர் எப்படியும் இரண்டாம் வாரத்தில் தனியாக இருக்கும்போது “டேய் கறுப்பா” என்று கொஞ்சத் தொடங்குவார்.

விசர்நாய்த் தடுப்பூசியை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். மிருக வைத்தியரிடம் போகும்போது தருகிற அட்டையில் பெயருக்கு ஒரு கட்டம் இருக்கும், சின்னக் கட்டம். எங்கள் மகாராணியின் அட்டை இன்னும் என் மேசை இலாச்சிக்குள் கிடக்கிறது. எழுதியவர் கை பெரிய கை. அதில் அவள் வெறும் ‘மகா’.